குளோரோஃபார்மில் கரைத்த கரோட்டின் காமா சேம்பரில் ஏன் இவ்வளவு சீக்கிரம் வெளுக்கிறது?

கேள்வி சுருக்கமாக: மும்பையில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்யும் மாணவி ஒருவர் குளோரோஃபார்மில் 10 மைக்ரோமோலார் பீட்டா கரோட்டின் கரைத்து, கோபால்ட்-60 காமா சேம்பரில் (காமா கதிர் கொடுக்கும் மூடிய கருவி) வைக்கிறார். டோஸ் வேகம் மணிக்குச் சுமார் 1 கிலோகிரே (ஒரு கிலோ பொருளில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் ஒரு கிரே). 60 கிரேயிலேயே ஆரஞ்சு நிறம் போய்விடுகிறது. வேறொரு பாட்டில் குளோரோஃபார்மில் அதே கரைசல் 150 கிரே தாண்டியும் நிறத்தோடு நிற்கிறது. ஆர்கான் ஊதி ஆக்சிஜனை வெளியேற்றிப் பார்த்தாலும் வெளுக்கிறது. கதிரால் உண்டாகும் எச்.சி.எல்.லை (ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமிலம்) டைட்ரேட் செய்து அளந்தால் எண்ட் பாயிண்ட் நிற்காமல் நழுவுகிறது. "கரோட்டின்மேல் கதிர் படும் வாய்ப்பைக் கணக்குப் போட்டால் இவ்வளவு வராதே?" என்று கேட்கிறார்.

கணக்கு சரி, ஆனால் அதைத் தப்பான பொருளுக்குப் போட்டிருக்கிறீர்கள். ஒரு லிட்டர் குளோரோஃபார்மில் 12.5 மோல் குளோரோஃபார்ம் இருக்கிறது. உங்கள் கரோட்டினோ 10 மைக்ரோமோல். கரோட்டின் ஒன்றுக்குக் குளோரோஃபார்ம் பன்னிரண்டரை லட்சம். எடையில் பார்த்தால் பத்து லட்சத்தில் நான்கு பங்குகூடக் கரோட்டின் இல்லை. ஆகவே உள்ளே வரும் ஆற்றல் அத்தனையும் கரைப்பானில்தான் இறங்குகிறது. கரோட்டின் சந்திப்பது கதிரை அல்ல, கதிர் பட்ட கரைப்பானிலிருந்து பிறந்த ரேடிகல்களை, அதாவது இணையில்லாத எலெக்ட்ரானோடு சட்டென வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகளை. அந்த ரேடிகல்கள் எவை என்பதைப் பாட்டிலில் இருந்த ஆக்சிஜனும், கெடாமலிருக்கச் சேர்த்த ஸ்டெபிலைசரும் தீர்மானிக்கின்றன. நீங்கள் சொன்ன நான்கு சிக்கல்களும் இந்த ஒரு வேரிலிருந்து வருபவை.

ஆற்றல் இறங்கியதும் என்ன நடக்கிறது? சில குளோரோஃபார்ம் மூலக்கூறுகள் எலெக்ட்ரானை இழந்து நேர் அயனியாகின்றன. வெளியேறிய எலெக்ட்ரான் தண்ணீரில் இருப்பதுபோல் இங்கே சற்று நேரம் உலவிக்கொண்டிருக்க முடியாது. பக்கத்திலுள்ள குளோரோஃபார்ம் அதை உடனே பிடித்துக்கொள்ளும். பிடித்த கையோடு கார்பன்-குளோரின் பிணைப்பு உடைந்து, குளோரைடு அயனி ஒருபுறமும் டைகுளோரோமெத்தில் ரேடிகல் மறுபுறமும் பிரியும். அயனியாகாமல் கிளர்வு மட்டும் பெற்ற மூலக்கூறுகளும் அதே பிணைப்பில்தான் உடைகின்றன. அங்கே குளோரைடுக்குப் பதில் குளோரின் அணு வரும். அது அடுத்த குளோரோஃபார்மிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து எச்.சி.எல். ஆகிவிடும், மிச்சம் ட்ரைகுளோரோமெத்தில் ரேடிகல். ஆக உங்கள் குப்பிக்குள் இரண்டு கார்பன் ரேடிகல்கள், குளோரின் அணு, கரைப்பானின் நேர் அயனி என்று நான்கு ஆட்கள் இருக்கிறார்கள். கார்பன் டெட்ராகுளோரைடு என்றால் ஹைட்ரஜன் இல்லாததால் கதை இன்னும் எளிது: ட்ரைகுளோரோமெத்திலும் குளோரினும் மட்டும். அவை பெரும்பாலும் திரும்பச் சேர்ந்து பழைய மூலக்கூறே ஆகிவிடும். தப்பியவை ஹெக்ஸாகுளோரோஈத்தேனும் குளோரின் வாயுவுமாகின்றன. அதனால்தான் அதில் குளோரினின் ஜி மதிப்பு 1-க்கும் கீழே நிற்கிறது.

ஜி மதிப்பு என்பது 100 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு எத்தனை மூலக்கூறு அல்லது ரேடிகல் என்ற எண். ஜி 1 என்றால் ஒரு ஜூலுக்கு 0.1036 மைக்ரோமோல். குளோரோஃபார்மில் தப்பி வரும் ரேடிகல்களுக்கு ஜி 5 என்று அடக்கமாகவே வைத்துக்கொள்வோம். 1 கிலோகிரே என்றால் கிலோவுக்கு 1000 ஜூல். லிட்டருக்கு 1490 ஜூல். பெருக்கினால் ஒரு கிலோகிரேக்கு 0.77 மில்லிமோலார் ரேடிகல். உங்கள் 10 மைக்ரோமோலார் கரோட்டினை முழுக்கத் தின்ன 13 கிரே போதும், ஒவ்வொரு ரேடிகலும் கரோட்டினிடமே போனால். 60 கிரே ஆகிறதென்றால் நாலைந்தில் ஒன்றுதான் கரோட்டினை எட்டுகிறது, மற்றவை தங்களுக்குள்ளோ வேறெதனோடோ முடிந்துபோகின்றன என்று அர்த்தம். சீக்கிரம் வெளுக்கிறது என்று நீங்கள் நினைத்தது உண்மையில் தாமதம்.

இதே கணக்கை ஆக்சிஜனுக்கும் போடுங்கள். காற்றோடு சமநிலையில் உள்ள குளோரோஃபார்மில் ஆக்சிஜன் சுமார் 2.4 மில்லிமோலார், தண்ணீரில் உள்ளதைப்போல ஒன்பது மடங்கு. 5 மி.லி. கரைசலில் 12 மைக்ரோமோல். குப்பியில் கரைசலுக்கு மேலே உள்ள 1 மி.லி. காற்றில் இன்னும் 8 மைக்ரோமோல் அளவுக்கு இருக்கிறது. அதாவது ஒரு குப்பியை விளிம்புவரை நிரப்பி, இன்னொன்றைப் பாதி நிரப்பினால் இரண்டும் வெவ்வேறு சோதனைகள். டோஸ் சில கிலோகிரேயை எட்டும்போது மூடிய குப்பியில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அந்த இடத்தில் விளைபொருள்களே மாறும். டோஸுக்கு எதிராக எச்.சி.எல். வரைந்தால் கோடு நடுவில் முறிவது பெரும்பாலும் இதனால்தான். கருவிக் கோளாறு என்று அந்தப் புள்ளிகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆக்சிஜன் இருக்கும்வரை ட்ரைகுளோரோமெத்தில் ரேடிகல் தனியாக நிற்பதில்லை. நொடிக்கு, மோலாருக்கு 3×10⁹ என்ற அளவு வேகத்தில் ஆக்சிஜனைப் பிடித்து ட்ரைகுளோரோமெத்தில்பெராக்சில் ஆகிறது. உங்கள் கரோட்டினின் முதல் எதிரி இதுதான். குளோரின் அணுக்கள் எலெக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுப்பதால் சாதாரண மெத்தில்பெராக்சிலைவிட இது பன்மடங்கு வலிய ஆக்சிகரணி (பிற பொருளிலிருந்து எலெக்ட்ரானைப் பறிப்பது). வரிசை இப்படி: மூன்று குளோரின் கொண்டது முதலில், பிறகு இரண்டு, பிறகு ஒன்று, கடைசியில் குளோரின் இல்லாதது. 1979-இல் பேக்கர், ஸ்லேட்டர், வில்சன் மூவரும் பல்ஸ் ரேடியாலிசிஸில் (மிகக் குறுகிய கதிர்த் துடிப்பு கொடுத்து, உடனே நடப்பதை அளக்கும் முறை) இந்த ரேடிகலைக் கொண்டுதான் வைட்டமின் ஈ-யை ஆக்சிகரணம் செய்து, அந்த வைட்டமின் ஈ ரேடிகலை வைட்டமின் சி திருப்பிச் சரிசெய்வதை நேரடியாகப் பார்த்தார்கள்.

கரோட்டினைச் சந்திக்காத இரண்டு பெராக்சில்கள் ஒன்றையொன்று சந்தித்தால் ஆக்சிஜனை விட்டுவிட்டு ஆல்காக்சில் ரேடிகல்களாகின்றன. ஆல்காக்சில் உடைந்து ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவும் குளோரின் அணுவும் தரும். குளோரின் அணு அடுத்த குளோரோஃபார்மைப் பிடிக்கும், மறுபடி ட்ரைகுளோரோமெத்தில், மறுபடி பெராக்சில். சங்கிலி இது. நிகரமாக குளோரோஃபார்மும் ஆக்சிஜனும் சேர்ந்து ஃபாஸ்ஜீனும் எச்.சி.எல்.லும் ஆகின்றன. கதிர் தொடங்கி வைத்ததை ஆக்சிஜன் ஓட்டிக்கொண்டு போகிறது. அதனால்தான் காற்றுள்ள குளோரோஃபார்மில் எச்.சி.எல். விளைச்சல் டோஸ் வேகத்தைப் பொறுத்து மாறுகிறது: மெதுவாகக் கதிர் கொடுத்தால் சங்கிலி நீளும், வேகமாகக் கொடுத்தால் ரேடிகல்கள் தங்களுக்குள் மோதி அறுந்துவிடும். கோபால்ட்-60 ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம் தேய்வதால், போன வருட சீனியரின் எண்ணும் உங்கள் எண்ணும் ஒரே டோஸிலும் ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

இனி இரண்டு பாட்டில்கள். லேபிளில் சின்ன எழுத்தைப் படியுங்கள். ஒன்றில் எத்தனால் 0.5 முதல் 1 சதவீதம் என்றிருக்கும். இன்னொன்றில் அமிலீன், அதாவது 2-மெத்தில்-2-பியூட்டீன், 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) போல இருக்கும். 1 சதவீத எத்தனால் என்றால் 0.17 மோலார், உங்கள் கரோட்டினைப்போலப் பதினேழாயிரம் மடங்கு. அது குளோரின் அணுக்களில் கணிசமான பங்கைத் தட்டிப் பறித்து, சங்கிலியை அறுத்து, உண்டான ஃபாஸ்ஜீனையும் கார்பனேட் எஸ்டராக மாற்றிவிடுகிறது. அதிலிருந்து வரும் பெராக்சில் வலுவற்றது. 150 கிரே தாங்கிய பாட்டில் எத்தனால் பாட்டிலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அமிலீன் 100 பி.பி.எம். என்றால் வெறும் 2 மில்லிமோலார். முன் சொன்ன கணக்கில் மூன்று கிலோகிரேக்குள் முழுக்கச் செலவாகிவிடும். ஆகவே அமிலீன் பாட்டிலில் தாழ்ந்த டோஸில் ஒரு வேதியியல், உயர்ந்த டோஸில் வேறொன்று. மிகப் பழைய பாட்டில் என்றால் கதிருக்கு முன்பே அமிலம் இருக்கும், 5 மி.லி. எடுத்து அதே அளவு தண்ணீரோடு குலுக்கி, தண்ணீரின் பி.எச். பாருங்கள்.

எத்தனாலை நீக்க, பிரிபுனலில் பாதி அளவு தண்ணீர் ஊற்றி நான்கைந்து தடவை கழுவுங்கள்; நீரற்ற கால்சியம் குளோரைடில் உலர்த்தி, வெளிச்சம் படாமல் வடித்தெடுங்கள். முதல் பத்து சதவீதத்தை ஒதுக்குங்கள். சின்ன அளவுக்கு, புதிதாகச் சூடாக்கிய பேசிக் அலுமினா நிரலில் ஊற்றி வடித்தாலே தண்ணீர், அமிலம், எத்தனால் மூன்றும் ஓரளவு போய்விடும். சோடியம் போட்டு உலர்த்தும் பழக்கம் ஈதர் போன்றவற்றுக்குத்தான். குளோரின் கரைப்பானில் சோடியம் போட்டால் வெடிக்கும். ஸ்டெபிலைசர் நீக்கிய குளோரோஃபார்மை அன்றே பயன்படுத்துங்கள். அடுத்த வாரத்துக்கு எடுத்துவைத்தால் அதற்குள் ஃபாஸ்ஜீன் சேரத் தொடங்கியிருக்கும்.

ஆர்கான் ஊதியும் வெளுப்பது தவறான முடிவு அல்ல. ஆக்சிஜனை எடுத்தால் பெராக்சிலும் சங்கிலியும் போகும், அவ்வளவுதான். கரைப்பானின் நேர் அயனி போகாது. கரோட்டின் எலெக்ட்ரானை மிக எளிதாக இழப்பது, அதனால் நேர்மின்சுமை அதன்மேல் வந்து சேரும். கரோட்டின் நேர் அயனி ரேடிகல் 1000 நா.மீ. (நானோமீட்டர்) அலைநீளத்துக்கு அருகில் உறிஞ்சும். இதைப் பிறந்த கணத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் பல்ஸ் ரேடியாலிசிஸ்தான் வழி. ட்ராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உள்ள 7 எம்.இ.வி. எலெக்ட்ரான் முடுக்கி இந்த வேலைக்கானது. காமா சேம்பர் கூட்டுத்தொகையை மட்டும்தான் காட்டும். நேர் அயனி தவிர ட்ரைகுளோரோமெத்தில் ரேடிகலே கரோட்டினின் நீண்ட இரட்டைப் பிணைப்புத் தொடரில் போய் ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

ஆனால் ஊதும் முறையிலும் பிழை இருக்கலாம். குளோரோஃபார்மின் கொதிநிலை 61 டிகிரி; மே மாத மும்பையில் 20 நிமிடம் உலர்ந்த ஆர்கான் ஊதினால் 5 மி.லி. கரைசல் கண்ணெதிரே குறையும், கரோட்டின் செறிவு ஏறும். ஆர்கானை முதலில் வெறும் குளோரோஃபார்ம் உள்ள குமிழ்க் குடுவையில் செலுத்தி, ஆவி நிறைந்த பிறகு கரைசலுக்குள் விடுங்கள். கரைசல் குப்பியைப் பனிக்கட்டியில் வைத்தால் மழைக்காலத்தில் வெளிப்புறம் வியர்த்து, மூடி திறக்கும்போது ஈரம் உள்ளே போகும், துடைத்துவிட்டுத் திறங்கள். ரப்பர் செப்டம் (ஊசி குத்தும் மூடி) குளோரோஃபார்மில் ஊறி, அதிலுள்ள கந்தகச் சேர்மங்களும் ஆக்சிகரணத் தடுப்பான்களும் கரைசலில் இறங்கும். அவையும் ரேடிகல் தின்னிகளே. டெஃப்லான் முகப்புள்ள செப்டம் போடுங்கள். பாராஃபிலிம் கரைந்துவிடும். பாலிஸ்டைரீன் குவெட்டும் அப்படியே. எஃகு ஊசியைக் கரைசலில் விட்டுவைத்தால் எச்.சி.எல். அதை அரித்து இரும்பு குளோரைடு சேர்க்கும், கரைசல் இலேசாக மஞ்சளாகும். அதைக் கரோட்டின் மிச்சம் என்று எடுத்துக்கொண்டால் வரைபடமே தப்பும். நம்பகமான வழி, கண்ணாடி ஆம்பூலில் (உருக்கி மூடும் சிறு குப்பி) திரவ நைட்ரஜனில் உறையவைத்து, வெற்றிடம் இழுத்து, உருக்கி, மூன்று சுற்று செய்து, உறைந்த நிலையிலேயே தீச்சுடரில் மூடுவது. உறையாத குளோரோஃபார்ம் ஆவியில் சுடர் பட்டால் அந்த இடத்திலேயே ஃபாஸ்ஜீன் வரும்.

அடுத்தது, வெளுத்தது எல்லாம் அழிந்ததுதானா என்பது. கரோட்டினில் அமிலமே அமைப்பை மாற்றி நிறத்தைக் குறைக்கும். ஒப்பீட்டுக்கு ஒரு குப்பி தனியாக வையுங்கள்: கதிர் கொடுத்த வெறும் குளோரோஃபார்மை எடுத்து, கதிருக்குப் பின் கரோட்டின் சேர்த்துப் பாருங்கள். அதிலும் நிறம் மெல்ல இறங்கினால் எச்.சி.எல்.லும் பெராக்சைடும் உங்கள் முடிவில் பங்கு வாங்குகின்றன. மெத்தில் யெல்லோ போன்ற சாயம் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அது அமிலத்தில் சிவக்கும், அழிவதில்லை. சோடியம் பைகார்பனேட் நீரோடு குலுக்கினால் மஞ்சள் திரும்பும்.

டைட்ரேஷன் நழுவுவதற்குக் காரணம் ஃபாஸ்ஜீன். 5 மி.லி. குளோரோஃபார்மைத் தண்ணீரோடு குலுக்கி அமிலத்தை எடுக்கிறீர்கள். எச்.சி.எல். உடனே தண்ணீருக்குப் போகிறது. கரைப்பானில் தங்கிய ஃபாஸ்ஜீன் மெல்ல மெல்ல நீர் எல்லைக்கு வந்து சிதைந்து, ஒவ்வொன்றும் இரண்டு எச்.சி.எல். தருகிறது. இளஞ்சிவப்பு வந்ததாக நினைத்து பியூரெட்டை மூடினால் ஒரு நிமிடத்தில் நிறம் போய்விடுகிறது. ஆகவே அப்படி வந்த எண்ணை எச்.சி.எல். ஜி மதிப்பு என்று எழுதாதீர்கள். இரண்டு மாதிரி எடுங்கள்: ஒன்றை நேரடியாகக் குலுக்கி உடனே கீழடுக்கான குளோரோஃபார்மைப் பிரித்துவிட்டு, தண்ணீரை மட்டும் டைட்ரேட் செய்யுங்கள், மற்றதைத் தண்ணீரோடு இரண்டு மணி நேரம் மூடிக் கிளறி, பிறகு டைட்ரேட் செய்யுங்கள். வித்தியாசத்தில் பாதி, தோராயமாக, ஃபாஸ்ஜீன். ஸ்டார்ச்-அயோடைடு தாள் நீலமானால் பெராக்சைடு என்று முடிவு கட்ட வேண்டாம், குளோரினும் அதே நீலத்தைத் தரும்.

டோஸைச் சேம்பரில் ஒட்டியிருக்கும் சான்றிதழிலிருந்து எடுத்திருந்தால் மறுபடி அளந்துவிடுங்கள். டோஸ் அளக்கப் பயன்படும் ஃபிரிக்கே கரைசல் ஒரு லிட்டருக்கு: மோர் உப்பு (ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்) 0.392 கிராம், சோடியம் குளோரைடு 0.058 கிராம், அடர் கந்தக அமிலம் 22 மி.லி., மீதி இருமுறை வடித்த நீர். அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும். 304 நா.மீ.யில், 1 செ.மீ. குவெட்டில், 25 டிகிரியில் உறிஞ்சல் எவ்வளவு ஏறுகிறதோ அதை 278-ஆல் பெருக்கினால் டோஸ் கிரேயில் வரும். 40 முதல் 400 கிரே வரை நம்பலாம். அளக்கும் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் உறிஞ்சல் 0.7 சதவீதம் ஏறும், ஏ.சி. இல்லாத அறையில் 32 டிகிரியில் அளந்தால் 5 சதவீதப் பிழை. ஃபிரிக்கே கரைசலைக் குளோரோஃபார்ம் வேலை நடக்கும் மேசையில் திறந்து வைக்காதீர்கள், கரிமத் தடயம் அதன் விளைச்சலை ஏற்றிவிடும்.

மணிக்கு 1 கிலோகிரே வேகத்தில் 60 கிரே என்பது மூன்றரை நிமிடம்தான். மாதிரி அறை கீழே இறங்கும்போதும் மேலே வரும்போதும் டோஸ் விழுகிறது. ஃபிரிக்கேயை 3, 6, 9, 12 நிமிடம் வைத்து, நேரத்துக்கு எதிராக டோஸ் வரைந்து, கோட்டைப் பின்னோக்கி நீட்டுங்கள். சுழி நிமிடத்தில் அது வெட்டும் இடம்தான் போக்குவரத்து டோஸ். குறுகிய கதிர்வீச்சுகளில் அதைக் கூட்டாவிட்டால் முதல் புள்ளியே கோட்டில் உட்காராது. பிறகு கரைப்பான் திருத்தம்: கோபால்ட்-60 காமாவில் காம்ப்டன் சிதறலே (காமா கதிர் எலெக்ட்ரானோடு மோதித் திசைமாறுவது) பெரும்பங்கு, ஆகவே கிராமுக்கு எத்தனை மோல் எலெக்ட்ரான் என்பதே கணக்கு. தண்ணீருக்கு 0.555, குளோரோஃபார்முக்கு 0.486. பங்கிட்டால் 0.875; உங்கள் 60 கிரே குளோரோஃபார்மில் 52.5 கிரே. மி.லி. கணக்கில் அடர்த்தி 1.49-ஆல் பெருக்க வேண்டும், அப்போது தண்ணீரைவிட 1.3 மடங்கு ஆற்றல் இறங்குகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் துறையில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

உங்கள் நோக்கம் ஆக்சிகரணத் தடுப்பான்களை ஒப்பிடுவது என்றால், நேரடியாகக் குளோரோஃபார்மில் செய்யவே வேண்டாம் என்பேன். தண்ணீர் 48 மி.லி., ஐசோப்ரோப்பனால் 48 மி.லி., கார்பன் டெட்ராகுளோரைடு 4 மி.லி. கலந்து, காற்று நிறைந்த நிலையில் கதிர் கொடுங்கள். தண்ணீரில் பிறக்கும் எலெக்ட்ரான் நேராக டெட்ராகுளோரைடைப் பிடிக்கும். ஹைட்ராக்சிலும் ஹைட்ரஜன் அணுவும் ஐசோப்ரோப்பனாலிடம் போய், அதன் ரேடிகல் மறுபடி டெட்ராகுளோரைடிடம் வந்து முடியும். மூன்று வழியும் ஒரே ட்ரைகுளோரோமெத்தில்பெராக்சிலில் சேர்கின்றன. மொத்த ஜி சுமார் 6. டெட்ராகுளோரைடு 0.4 மோலார் இருப்பதால் ஆக்சிஜன் எலெக்ட்ரானை இடைமறிக்க முடியாது. டெட்ராகுளோரைடுக்குப் பதில் குளோரோஃபார்ம் ஊற்றினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும், ஐசோப்ரோப்பனால் ரேடிகல் அதைச் சீக்கிரம் ஒடுக்காது. இந்தக் கலவையில் கரோட்டின் கரையாது. ட்ரோலாக்ஸ் (நீரில் கரையும் வைட்டமின் ஈ வகை), அஸ்கார்பேட் (வைட்டமின் சி), குளோர்ப்ரோமசின் (ஒரு மருந்து) போன்றவற்றுக்கு ஏற்றது. ஓசோன் பாதுகாப்புக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையால் டெட்ராகுளோரைடு இந்தியாவில் 2010 முதல் கரைப்பானாகக் கிடைப்பதில்லை, ஆய்வகத்துக்கான சின்ன பாட்டில்தான். ஆர்டர் போட நாளாகும். நேர் அயனி ரேடிகல்தான் வேண்டுமென்றால் 1,2-டைகுளோரோஈத்தேன் அல்லது பியூட்டைல் குளோரைடு எடுங்கள்.

ஃபாஸ்ஜீன் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. காய்ந்த வைக்கோல் வாசனை வரும் என்று எழுதியிருப்பார்கள். மூக்குக்கு எட்டும்போதே அது 0.1 பி.பி.எம். வரம்பைத் தாண்டியிருக்கும். பாதிப்பும் சில மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் தெரியும். காற்றோடு கதிர் கொடுத்த எந்தக் குப்பியையும் புகைக்கூண்டுக்கு வெளியே திறக்கக் கூடாது. டைஃபீனைலமீனும் பாரா-டைமெத்தில்அமினோபென்சால்டிஹைடும் தோய்த்த தாளைக் கூண்டில் தொங்கவிட்டால் மஞ்சள், ஆரஞ்சு என்று மாறி எச்சரிக்கும். ஆம்பூலை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம்; திறக்குமுன் பனிக்கட்டியில் பத்து நிமிடம் வைத்து, துணி சுற்றி உடையுங்கள், உள்ளே எச்.சி.எல். அழுத்தம் இருக்கும்.

கோபால்ட்-60 காமா மாதிரியைக் கதிரியக்கம் உள்ளதாக்காது, ஆகவே மீதிக் கரைசல் கதிரியக்கக் கழிவல்ல, ஹாலஜன் கழிவு. பைகார்பனேட் நீரோடு, பிரிபுனலின் குழாயை அடிக்கடி திறந்து காற்று விட்டு, மெதுவாகக் குலுக்கி அமிலம் நீக்குங்கள். பிறகு தகர டப்பாவில் அல்லாமல் கண்ணாடிப் பாட்டிலில், மூடியை இறுக்காமல் வையுங்கள். அசிட்டோனோ காரமோ அமீனோ இருக்கும் கழிவோடு சேர்க்கக் கூடாது. குளோரோஃபார்மும் அசிட்டோனும் காரத்தோடு சேர்ந்தால் கொதித்துத் தெறிக்கும். தலோஜா கழிவு நிலையத்துக்கு அனுப்பும் லேபிளில் எந்த ஸ்டெபிலைசர், எத்தனை கிலோகிரே என்பதையும் எழுதிவிடுங்கள்.